புது ஐயருக்காகக் காத்திருந்த நாலு ஞாயிறு

எங்கள் சபைக்கு முதல்முறையாக ஒரு தமிழ்ப் போதகர் வரப்போகிறார் என்று தெரிந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். சதுரங்கப்பட்டினத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் இடையில், சவுக்குத் தோப்பை ஒட்டியிருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்திலிருந்த எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பாட்டு எடுத்துக் கொடுப்பதும் என் வேலைதான். என் வீட்டுக்காரர் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக எங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டர். அதனால் உலகத்துச் செய்தியெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வரும். பாதி தப்பாக வரும்.

அதுவரை எங்கள் சபையை நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். தொரை என்போம். இருபது வருஷம் எங்களோடு இருந்தார். காய்ச்சல் வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார், நிலக்காரர்கள் கூலியை இழுத்தடித்தால் சைக்கிளில் போய் சண்டை போட்டார், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். எல்லாம் செய்தார். தமிழ் மட்டும் அவருக்கு வரவில்லை. வார்த்தைகள் தெரியும், நாக்கு மடங்காது. 'பிதாவே' என்பதை 'பிட்டாவே' என்பார். 'தேவன்' அவர் வாயில் 'டேவன்'. 'கர்த்தர்', 'கர்ட்டர்'. 'ஆமென்' என்பதை 'ஏமென்' என்று இழுத்து முடிப்பார்.

இதில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. எங்கள் ஜனங்கள் ஜெபம் பண்ணக் கற்றுக்கொண்டதே அவரிடம்தான். ஆகவே, ஜெபத்தை அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்கள். வயலில், கடையில், வீட்டில் நன்றாகப் பேசுகிறவர்கள் கண்ணை மூடினால் போதும், வெள்ளைக்காரராக மாறிவிடுவார்கள். எங்கள் உபதேசியார், அதாவது தொரைக்கு உதவியாக இருந்து வேதபாடம் சொல்லிக் கொடுத்தவர், எல்லாரையும்விட ஒரு படி மேலே போய், ஜெபத்துக்கு நடுவில் தொரை மாதிரி மூக்கை உறிஞ்சவும் செய்வார். தொரைக்கு நிரந்தரமாக ஜலதோஷம். உபதேசியாருக்கு ஒன்றும் கிடையாது.

நானும் விதிவிலக்கல்ல. பள்ளிக்கூடத்தில் காலை ஜெபத்தை 'ஏமென்' என்றுதான் முடித்து வைப்பேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் 'ஏமென்' என்று கத்துவார்கள். பிறகு உட்கார்ந்து ஒழுங்கான தமிழில் வாய்ப்பாடு சொல்வார்கள்.

ஐப்பசி கடைசியில் தொரை கப்பலேறித் தன் ஊருக்குக் கிளம்பினார். அழுதார். நாங்களும் அழுதோம். அவருடைய பெரிய பிரம்பு நாற்காலியை சபைக்கு விட்டுப் போனார். கார்த்திகையில் மிஷன் ஆபீஸிலிருந்து உபதேசியாருக்கு ஒரு கடுதாசி வந்தது. அவர் அதைக் கோயிலில் எல்லாரும் பாய்மேல் உட்கார்ந்திருக்கும்போது வாசித்தார். உங்கள் சபைக்கு நியமிக்கப்பட்ட புதிய போதகர் அட்வெந்து நாட்களில் வந்து சேருவார், அவரைத் தக்கபடி வரவேற்கவும். அவ்வளவுதான். எந்த நாள், எந்த நேரம், எந்த வழி, ஒன்றும் இல்லை.

அட்வெந்து என்பது கிறிஸ்மஸுக்கு முன்னால் வரும் நாலு ஞாயிறுகள். ஆண்டவருடைய வருகைக்குக் காத்திருக்கும் காலம். அதில் எந்த வாரம் என்று சொல்லாமல் விட்டால் நாங்கள் என்ன செய்வது?

"அப்ப நாலு வாரமும் ரெடியா இருக்கணும்," என்றார் உபதேசியார்.

"தமிழ் ஐயருனா எப்டி இருப்பாரு?" என்று கேட்டாள் பெரியம்மா. எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். பெரியம்மா எனக்கு உறவில்லை, ஊருக்கே பெரியம்மா. நடவுக்குப் பெண்களைக் கூட்டிப் போகிறவள். நாற்பது ஏக்கருக்கு அந்தப் பக்கம் நிற்பவளை இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடும் குரல்.

"வெள்ளையா அங்கி போட்டிருப்பாரு. கையில பொட்டி இருக்கும்," என்றார் உபதேசியார்.

"தொர நாற்காலில அவரு குந்துவாரா?"

"குந்தாம? நின்னுகினேவா இருப்பாரு?"

"நம்மள மாதிரி ஆளு அதுல குந்தினா நல்லாவா இருக்கும்?" என்றாள் பெரியம்மா. எல்லாருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. எங்கள் அப்பாக்களெல்லாம் மிராசுதாரர் வீட்டு வாசலில் செருப்பில்லாமல் நின்று பழகியவர்கள். நம்மைப் போலிருக்கும் ஒருவர் நமக்கு முன்னால் நாற்காலியில் உட்காருவதைப் பார்க்க எங்கள் கண்ணே பழகியிருக்கவில்லை.

முதல் அட்வெந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, பகல் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஃபுட்போர்டில் தொங்கியபடி தலைப்பாகையை வீசிக் காட்டிக்கொண்டே வந்தார். தலைப்பாகை கண்டக்டர் உடுப்பில் கிடையாது. வெயிலுக்குக் கட்டிக்கொள்ளும் துண்டு. வீசினால் போதகர் பஸ்ஸில் இருக்கிறார் என்று அர்த்தம், ஏற்கனவே பேசி வைத்திருந்தோம்.

பஸ் நின்றது. முழங்காலுக்குக் கீழே தொங்கும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், கையில் ஒரு சின்னத் தகரப் பெட்டியோடு, தயங்கித் தயங்கி இறங்கினார். இறங்கியதும் எங்கள் அறுபது பேரையும் பார்த்து ஒரு காலைத் திரும்பப் படிமேல் வைத்துவிட்டார்.

உபதேசியார் மாலையைப் போட்டார். நான் ஆர்மோனியத்தைப் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் வைத்து வாசிக்க, பெண்கள் பாடினார்கள். கடைக்கார பாய் அவர் கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

"உங்களுக்காகத்தான் காத்துகினு கீறோம்," என்றார் உபதேசியார்.

"எனக்காகவா?" என்றார் வந்தவர்.

"ஊரே காத்துகினு கீது. பச்சக் கொயந்தயிலருந்து கெயவங்க வரைக்கும் எல்லாரும் ரெடி."

"யாரும் ஓட மாட்டாங்களே?"

"ஏன் ஓடணும்?"

"எல்லாரும் கைய நீட்டுவாங்களா?"

உபதேசியாருக்குப் பெருமை தாங்கவில்லை. தொரை ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுப்பார். அந்தப் பழக்கம் புதியவருக்கும் இருக்கிறதே என்று மகிழ்ந்துபோய், "ஒருத்தர் பாக்கியில்லாம நீட்டுவாங்க. கோயிலுக்கு வாங்க," என்றார்.

கோயிலில் வந்தவர் பிரம்பு நாற்காலியில் தயக்கமில்லாமல் உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துத் திறந்தார். உபதேசியார் முதலில் போய் முழங்கால் போட்டு, கண்ணை மூடி, வலது கையை நீட்டினார். வந்தவர் அவருடைய சட்டைக் கையை மேலே சுருட்டினார். ஏதோ ஒரு துணியால் துடைத்தார். உபதேசியாருடைய முகம் ஒரு நிமிஷம் கோணியது. ஆனால் சபையே பார்க்கிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, நீளமாக, "ஏ... மென்," என்றார். எழுந்து போய் உட்கார்ந்தார்.

அவர் கத்தியிருந்தால் மற்றவர்கள் தப்பியிருப்போம். அவர் 'ஏமென்' சொன்னதால் அடுத்தவர் போனார். அவருக்கும் முகம் கோணியது. அவரும் 'ஏமென்' என்றார். இப்படியே பதினாலு பேர். நான் ஏழாவது. ஏதோ கூர்மையாகத் தோலைக் கிழித்துத் திருகியது. இது புதிய முறை அபிஷேகமாக இருக்கும், தொரைக்குத் தெரியாமல் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். நானும் 'ஏமென்' என்றேன்.

பதினைந்தாவது பெரியம்மா. அவள் கண்ணை மூடவில்லை.

"அடப் பாவி! இவன் அம்ம குத்துறவன்டா!"

அவள் குரலுக்குக் கோயிலில் பாதிப் பேர் ஜன்னல் வழியாக வெளியே போனார்கள். அம்மை வராமலிருக்க ஊசி குத்தும் அந்த சர்க்கார் ஆள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மாலையைப் பிடித்துக்கொண்டு, ஊசியும் கையுமாக அழ ஆரம்பித்துவிட்டார்.

"பதினோரு வருஷமா இந்த வேலை பாக்கறேம்மா. எந்த ஊருக்குப் போனாலும் கதவச் சாத்துவாங்க, நாய அவுத்து வுடுவாங்க. இன்னிக்குத்தான் ஒரு மனுஷன் மால போட்டான். அது எனக்கில்லையா?"

இதைக் கேட்டதும் பெரியம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. கோபத்தோடேயே கையை நீட்டி, "குத்தித் தொல," என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, "ஏய், எல்லாம் உள்ள வாங்கடி!" என்று கத்தினாள். யாரால் மறுக்க முடியும்? அன்று எங்கள் சபையில் ஒருவர் பாக்கியில்லாமல் அம்மை குத்தியாயிற்று. மறுநாள் முதல் அட்வெந்து ஆராதனையில் ஆர்மோனியம் இல்லை, எனக்குக் கை வீங்கியிருந்தது. பாதிச் சபை காய்ச்சலில் படுத்திருந்தது.

அடுத்த வாரம் உபதேசியார் ஜாக்கிரதையாக இருக்க முடிவு செய்தார். இனிமேல் மாலை போடுவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். என்ன கேட்பது? "வர வேண்டியவர் நீங்கதானா?" என்று கேட்டால் போதும், பொய்யர் மாட்டிக்கொள்வார் என்றார். இந்தக் கேள்வியை வேதத்தில் யோவான் சிறையிலிருந்து ஆண்டவரிடம் ஆளனுப்பிக் கேட்டதாக எல்லாருக்கும் நினைவூட்டினார். அவருக்கே அது ரொம்பப் பிடித்திருந்தது.

இந்த முறை பஸ்ஸில் இறங்கியவர் முப்பது வயதுக்காரர். சலவை வேட்டி, ஜிப்பா, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் தட்டு நிறைய பழம். கூடவே வெற்றிலை போட்ட ஒரு பெரியவர்.

உபதேசியார் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு முன்னால் போனார்.

"வர வேண்டியவர் நீங்கதானா?"

"ஆமா, நான்தான்," என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

"எங்க சபைக்குத்தானே வந்தீங்க?"

"சபையெல்லாம் கூட்டிட்டீங்களா? சும்மா வந்து பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தோம்," என்றார் பெரியவர்.

"பாத்துட்டுப் போறதா? தங்க மாட்டீங்களா?"

"பிடிச்சா முடிவு பண்ணுவோம்."

இது உபதேசியாருக்கு அதிர்ச்சி. போதகர் சபையைப் பார்த்துப் பிடித்தால்தான் தங்குவாரா? தமிழ்ப் போதகர்கள் இவ்வளவு கண்டிப்பானவர்களா? எப்படியாவது பிடிக்க வைத்தாக வேண்டும் என்று பதறிப்போய் மாலையைப் போட்டுவிட்டு, என்னை முன்னால் தள்ளினார்.

"டீச்சரம்மா, பாடும்மா!"

நான் பாடினேன். ஜிப்பாக்காரர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. போதகராயிற்றே என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"பாட்டு நல்லா வருது," என்றார் பெரியவர். "அடக்கமும் கீது. சமையல் தெரியுமா?"

"எங்க டீச்சரம்மா மீன் கொயம்பு வெச்சா பத்து வூட்டுக்கு மணக்கும்," என்றார் உபதேசியார்.

"நிறம் கொஞ்சம் கம்மி."

அப்போதுதான் பஸ் கூரையில் சாமான் இறக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மேலேயிருந்து குதித்தார். ஏணியை உபயோகிக்கவில்லை.

"யோவ்! இன்னாத்துக்கு என் பொஞ்சாதியோட நெறத்த பாக்கற நீ?"

"பொஞ்சாதியா?" என்றார் ஜிப்பாக்காரர். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றப் பார்த்தார். அது காதில் மாட்டிக்கொண்டது. "இது புதுப்பட்டினம் இல்லையா?"

புதுப்பட்டினம் ஒரு ஸ்டாப் முன்னாலேயே போய்விட்டது. அங்கே ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள், தூங்கிவிட்டார்கள். "நீ ஏன்யா ஸ்டாப்பிங் பேரு கத்தல?" என்று பெரியவர் என் வீட்டுக்காரரிடம் சண்டைக்கு வந்தார். டீக்கடை பாய் நடுவில் புகுந்து விலக்கிவிட்டார். இரண்டு பேருக்கும் டீ கொடுத்து, ஒரு மாட்டு வண்டி பிடித்துப் பொண்ணு வீட்டுக்கு அனுப்பி வைத்ததும் அவர்தான். அந்தக் கல்யாணம் நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை எங்கள் மாலையோடேயே போய் இறங்கியதால் பெண் வீட்டார் மிரண்டுவிட்டார்களாம்.

"இன்னா உபதேசியாரே, அடுத்த வாரம் யாரு?" என்று பாய் சிரித்தார். உபதேசியார் டீ குடிக்காமலே போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் விளக்கைச் சரிபார்ப்பதுபோல என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "நெறம் ஒண்ணும் கொறச்சல் இல்ல," என்றார்.

மூன்றாவது ஞாயிறும் கழிந்தபின், இனி பஸ்ஸை நம்ப வேண்டாம், நேரே செங்கல்பட்டுக்குப் போய் மிஷன் ஆபீஸிலேயே போதகரைக் கையோடு கூட்டி வந்துவிடலாம் என்று தீர்மானம் ஆயிற்று. உபதேசியார், பெரியம்மா, இன்னும் பத்துப் பதினைந்து பேர் காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். கிறிஸ்மஸுக்குக் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தது. மழை இரண்டு நாள் விட்டிருந்தது. கை வீக்கம் வற்றிவிட்டதால் அந்த வேலையை எனக்கு விட்டார்கள். பள்ளிக்கூடம் விடுமுறை. நான் ஏணிமேல் நின்று, தலையில் துணி கட்டிக்கொண்டு, நார் பிரித்த மட்டையால் சுவரை அடித்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி இருக்கும். வாசலில் யாரோ கனைத்தார்கள். குட்டையான ஒரு மனிதர். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். காலில் சேறு, சட்டையெல்லாம் விறகுத் தூள், தலையில் ஒரு ட்ரங்குப் பெட்டி.

"இந்தச் சபைதானேம்மா? நான் புதுப் போதகர்."

நான் ஏணியிலிருந்து இறங்கவில்லை.

"இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆளு," என்றேன். "பஸ்ஸு இன்னும் வரலியே. எப்டி வந்தீங்க?"

"பட்டணத்துலேருந்து கால்வாயில விறகுத் தோணி சும்மா திரும்பிட்டிருந்துது. அதுல வந்தேன். பஸ்ஸுன்னா எனக்கு வாந்தி வரும்."

"ஆபீஸ் கடுதாசி இருக்கா?"

அவர் மடியிலிருந்து எடுத்தார். கால்வாய்த் தண்ணீரில் நனைந்து மை முழுக்கக் கரைந்து, நீலக் கைக்குட்டை மாதிரி இருந்தது. நான் மேலேயிருந்தே அதைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

"சரி, ஒரு பாட்டு பாடிக் காட்டுங்க."

பாடினார். இதற்கு என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், தாளம் இன்னும் தோணியிலேயே இருந்தது. தொரையின் குரல் கோயில் ஓட்டைக் கிடுகிடுக்க வைக்கும். இவர் பாடியதைக் கேட்டு வெளியே மேய்ந்த ஆடு மட்டும் உள்ளே எட்டிப் பார்த்தது.

"ஜெபம் பண்ணுவீங்களா?"

அவர் ட்ரங்கை இறக்கி வைத்தார். கண்ணை மூடினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல, சாதாரணமாக, "ஆண்டவரே, இந்த அம்மா ஏணியிலேருந்து பத்திரமா இறங்கணும். அந்தச் சுண்ணாம்பு மட்டை என் தலையில விழாம இருக்கணும். எனக்கு ஒரு காப்பி கிடைச்சா நல்லா இருக்கும். ஆமென்," என்றார்.

'பிட்டா' இல்லை, 'டேவன்' இல்லை, மூக்கு உறிஞ்சல்கூட இல்லை. எனக்கு முழு நிச்சயமாகிவிட்டது, இவர் போதகர் இல்லை. ஆனால் பசித்த மனிதர் என்பது தெரிந்தது. இறங்கிப் போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தேன். அவர் குடித்துவிட்டு, "நீங்க சொல்ற வரைக்கும் நான் யாரா வேணாலும் இருந்துக்கறேன்," என்று சொல்லி, இன்னொரு மட்டையை எடுத்துக் கீழ்ப்பாதிச் சுவரை அடிக்க ஆரம்பித்தார். சுண்ணாம்பு மட்டும் நன்றாக அடித்தார்.

சாயங்காலம் செங்கல்பட்டுக்குப் போனவர்கள் ஓட்டமாக வந்தார்கள். போதகர் இரண்டு நாளைக்கு முன்னாலேயே பட்டணத்திலிருந்து தோணியில் புறப்பட்டுவிட்டார் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். உபதேசியார் வாசலில் நின்று கீழ்ப்பாதிச் சுவரையும், அதை அடிக்கிறவரையும், மேல்பாதியிலிருந்த என்னையும் பார்த்தார்.

"டீச்சரம்மா," என்றார் மெதுவாக, "இவரு எப்ப வந்தாரு?"

"காலைலயே," என்றேன்.

"இவரா?" என்றாள் பெரியம்மா, அவருக்குக் கேட்கும்படியாகவே. சுண்ணாம்பு சொட்டிய கையால் போதகர் கும்பிட்டார். மாலை வாங்க யாருக்கும் நினைவு வரவில்லை.

நாலாவது அட்வெந்து ஞாயிறு. புது வெள்ளையடித்த கோயில். சபை முழுக்க வந்திருந்தது. பாய்கூட வாசலோரம் வந்து நின்றிருந்தார். போதகர் துவைத்த அங்கியோடு முன்னால் வந்தார். பிரம்பு நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். உட்காரவில்லை. காய்ச்சல் இன்னும் முழுக்க விடாத ஒரு கிழவரைக் கூப்பிட்டு அதில் உட்கார வைத்தார். கிழவர் ஆராதனை முடியும்வரை நுனியிலேயே உட்கார்ந்திருந்தார், முதுகு சாயவில்லை.

போதகர் ஜெபித்தார். சுத்தமாக, மெதுவாக. 'பிதாவே' என்றார். 'தேவன்' என்றார். அவருக்கு 'ழ' கூட வந்தது. 'ஆமென்' என்று முடித்தார்.

ஒருவரும் பதிலுக்கு 'ஏமென்' சொல்லவில்லை. நான் ஆர்மோனியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபம் முடிந்துவிட்டதா, இல்லையா என்றே யாருக்கும் தெரியவில்லை.

பெரியம்மா எழுந்தாள்.

"ஐயரே, தப்பா நெனச்சிக்காத. நீ பேசிகினு கீற. எப்ப ஜெபம் பண்ணுவ?"

"இதுதாம்மா ஜெபம்."

"தொர மாதிரி பண்ணு. அப்பதான் சாமிக்குப் புரியும்."

உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். வெட்கமா, ஒப்புதலா என்று தெரியவில்லை. போதகர், "தொரை எப்படிச் சொல்வார்?" என்று உண்மையாகவே கேட்டார்.

"பிட்டாவே," என்றாள் பெரியம்மா.

"பிட்டாவே," என்றார் போதகர்.

"டேவனே."

"டேவனே. கர்ட்டரே. ஏ... மென்."

எங்களைப் போன்ற ஒரு மனிதர், எங்கள் நிறம், எங்கள் மாதிரியே வெயிலில் காய்ந்த கை, வெள்ளை அங்கியில் நின்று 'பிட்டாவே' என்றதும் யாரோ 'குபுக்' என்றார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். உபதேசியார்! வாயைத் துண்டால் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்து பெரியம்மா. அவள் சிரித்தால் தோப்புக் காக்கையெல்லாம் எழும்பும். பிறகு கோயிலே சிரித்தது. நாற்காலிக் கிழவர் சிரித்து இருமினார். நான் ஆர்மோனியத்தின்மேல் கவிழ்ந்தேன். அது தன்பாட்டுக்கு ஒரு ஊளையிட்டது. எத்தனை வருஷமாக நாங்கள் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அந்த ஒரு நிமிஷத்தில்தான் எங்கள் காதிலேயே விழுந்தது.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. போதகரும் சிரித்தார். பிறகு பிரசங்கத்தைத் தொடங்காமல், நின்ற இடத்திலேயே சொன்னார்:

"தொரை கடல் தாண்டி வந்து, நாக்கு வளையாம, நம்ம பாஷையப் பேசக் கஷ்டப்பட்டாரு. நம்ம மேல ஆசை இருந்ததாலதான். அதுக்காக நாம அவர் நாக்க வாங்கிக்க வேணாம். வரப்போற ஆண்டவரும் அப்படித்தான். உங்க ஊருக்கு, உங்க வீட்டுக்கு, நீங்க அடுப்படியில பேசற பேச்சுக்குள்ளதான் வர்றாரு. வேற பேச்சு கத்துக்கிட்டுத்தான் அவரைக் கூப்பிடணும்னு இல்ல."

பெரியம்மா உட்கார்ந்தபடியே, "அப்ப நான் பேசற மாதிரியே பேசலாமா?" என்றாள்.

"பேசுங்க."

அவள் கண்ணை மூடவில்லை. கோயில் கூரையைப் பார்த்து, நடவுக்காரியைக் கூப்பிடும் அதே குரலில், "ஆண்டவரே, வந்துடு. எல்லாம் ரெடியா கீது," என்றாள்.

அதற்குச் சபை சொன்ன பதில் ஒரு மாதிரியாக இருந்தது. சிலர் 'ஆமென்', சிலர் பழக்கத்தில் 'ஏமென்', இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சிலர் 'ஆஏமென்'. உபதேசியார் கடைசிவரை மாறவில்லை. தொரையோடு பேசுவதுபோல இருக்கிறது, விட மனசில்லை என்று போதகரிடம் தனியாகச் சொன்னாராம். போதகர் அவரை ஒருநாளும் திருத்தவில்லை. எனக்கு மாற ஆறு மாதம் ஆயிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் திறந்த அன்றே மாறிவிட்டார்கள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலை பஸ்ஸில் நாங்கள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. போதகர் வந்தாயிற்று, காத்திருக்க யார் இருக்கிறார்கள்? அதிலிருந்து ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை, கையில் இரண்டு, பின்னால் கோழிக் கூடையைச் சுமந்த ஒரு பெண்பிள்ளை என்று இறங்கினார்கள். போதகருக்குக் குடும்பம் இருக்குமே என்று ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான் போதகர் வீட்டில் வைத்திருந்தோம். "ஏன் ஐயரே சொல்லல?" என்று பெரியம்மா கேட்டதற்கு, "நீங்க கேக்கவே இல்லையே," என்றார்.

அரை மணிக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பாயும் பாத்திரமும் வந்து குவிந்தன. டீக்கடை பாய் ஒரு கூஜா நிறைய டீ அனுப்பினார். இரண்டு குழந்தைகள் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். நடுவில் பிறந்தவள், நாலு வயதிருக்கும், என் மீன் குழம்பைச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டுக்கொண்டே, என் வீட்டுக்காரரின் பையைத் திறந்து டிக்கெட்டுகளை எடுத்து எல்லாருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தாள். சண்டைக்குப் பேர்போன கண்டக்டர், வாயைத் திறக்காமல், கையை நீட்டித் தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார்.